கம்மல் கழற்றிய மாடு

எனக்குக் கெடுதல் செய்தவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒடுகத்தூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். அதில் ஏறி ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறேன். பதினாறு வருஷமாகத் தோல் தரம் பிரிக்கும் டேபிளில் நிற்கிறேன். ஒவ்வொரு தோலாக வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கீறல், சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஏ, பி, சி என்று ஒதுக்க வேண்டும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு தழும்பு ஷூவாகிவிட்டால் சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார். இதுவரை அதிகம் கூப்பிட்டதில்லை. தோலில் தழும்பைப் பார்த்த கண் மனுஷனிடம் ஏமாந்துவிட்டது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் வீட்டுக்காரர் ஒரு ஏக்கர் வேர்க்கடலையையும் ஒரு மாட்டையும் பார்த்துக்கொள்கிறவர். அதிகம் பேச மாட்டார். மாட்டிடம் பேசுகிற அளவுக்கு என்னிடம் பேசியதில்லை என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். கறுப்பும் வெள்ளையுமான கலப்பினப் பசு. நாலு ஈத்து ஈன்றது. அதன் பால் பணத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. என் சம்பளம் பையனின் படிப்புக் கடனுக்கே சரியாகப் போய்விடும்.

அந்த மாட்டின் காதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை இருந்தது. கால்நடைத் துறையிலிருந்து வந்து எல்லா மாட்டுக்கும் போட்டுவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு இலக்க நம்பர் அச்சடித்த பிளாஸ்டிக் வில்லை. அதிகாரிகள் அதை என்னவோ பெயர் சொல்லி அழைப்பார்கள். எங்கள் ஊரில் அது கம்மல். 'உன் மாட்டுக்குக் கம்மல் போட்டாச்சா' என்றுதான் கேட்போம். தடுப்பூசி, சினை ஊசி, இன்சூரன்ஸ், எது வேண்டுமென்றாலும் அந்தக் கம்மல் நம்பர்தான். மாட்டுக்கு உரிமைக்காரர் யார் என்பதும் அந்த நம்பரில்தான் இருக்கிறது.

அந்த வருஷம் புயல் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை, நான் வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, கொட்டகையின் மண்சுவர் அப்படியே சரிந்து மாட்டின் மேல் விழுந்தது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து மண்ணைத் தள்ளினார்கள். கால்நடை டாக்டருக்குப் போன் செய்தோம். ஓடையில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது, தரைப்பாலத்தைத் தாண்டி வர முடியாது என்றார். என் வீட்டுக்காரர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு கிடந்து செத்துப்போனது.

எங்கள் பக்கத்தில் மாடு செத்தால் அதைக் கட்டோடு அனுப்பக் கூடாது. கழுத்துக் கயிறு, மூக்கணாங்கயிறு, மணி, கண்ணேறுக்குக் கட்டிய கறுப்புக் கயிறு, மனுஷன் அதன் உடம்பில் போட்டது எதுவானாலும் அவிழ்த்துவிட்டுத்தான் குழியில் இறக்குவார்கள். வாழ்நாளெல்லாம் நம்மிடம் கட்டுப்பட்டுக் கிடந்தது, போகும்போதாவது கட்டில்லாமல் போகட்டும் என்று ஒரு எண்ணம். என் வீட்டுக்காரர் கயிறுகளை எல்லாம் அறுத்தார். அப்புறம் காதைப் பார்த்தார். வீட்டுக்குள் போய் நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கத்தரியை எடுத்து வந்து, காது கிழியாமல் அந்தக் கம்மலின் தண்டை நறுக்கி எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கத் தோன்றவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்குள் ஒரு தோல் வியாபாரி போன் செய்தான். எங்கள் பக்கத்தில் மாடு செத்த சேதி காற்றைவிட வேகமாகப் போகும். 'குழி தோண்டாதீங்க, ஆளு அனுப்பறேன்' என்றான். என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டார். தினமும் நூறு மாட்டுத் தோலைத் தடவிப் பார்க்கிற எனக்கும் இந்தத் தோலை யாரும் தொடக் கூடாது என்றுதான் இருந்தது. அதில் நியாயம் இருக்கிறதா என்றால் இல்லை. இருந்தாலும் அப்படித்தான் இருந்தது.

வயலில் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். எங்கள் ஊர் பால் சொசைட்டியின் செயலாளர். என்னைவிடப் பத்து வயது சின்னவன். வாய் நிறைய அக்கா, மாமா என்று கூப்பிடுவான். யாருக்கு எந்த ஃபாரம் வேண்டுமென்றாலும் செல்போனிலேயே போட்டுக் கொடுப்பான், ஊரே அவனை நம்பியிருந்தது. வந்ததும் மாட்டின் காதைத்தான் பார்த்தான்.

"இன்னாக்கா இது, கம்மல் எங்க?"

கழற்றிவிட்டோம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ மாமா, இன்னா வேலை பண்ணிக்கீறீங்க? செத்த மாட்டுக்கு கவர்மெண்ட்டு நிவாரணம் குடுக்கப் போறாங்க. காதுல கம்மலோட போட்டோ இருந்தாத்தான் துட்டு. இல்லாட்டி தோலுக்கு வித்துட்டு வந்து பொய் சொல்றீங்கன்னு எழுதிடுவாங்க. நம்ம பக்கத்து ஆளுங்க மேல அவங்களுக்கு எப்பவுமே சந்தேகந்தான்."

என் வீட்டுக்காரர் மண்வெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவன்தான் சமாதானம் சொன்னான். கம்மலை வாங்கி, செத்த மாட்டின் காதில் ஓட்டைக்கு நேராக, கல் மோதிரம் போட்ட கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாலைந்து போட்டோ எடுத்தான். "நான் பாத்துக்கறேன்க்கா, பேஜார் ஆவாதீங்க" என்றான். கம்மலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஒரு நம்பர் வந்தது. "அதைச் சொல்லுக்கா, அப்பத்தான் மனு உள்ள போவும்" என்றான். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, அவனுக்குச் சரியாகக் கேட்கிறதா என்று இரண்டாம் முறையும் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அவனிடம் கேட்டேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான்.

"ரிஜெக்ட் ஆயிடுச்சுக்கா. கம்மல் கழட்டினது போட்டோவுல தெரிஞ்சுடுச்சாம். மாமா மட்டும் அன்னிக்கு கத்தரியைத் தொடாம இருந்திருந்தா…"

அன்று வீட்டுக்கு வந்து நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பழக்கமாம், கட்டாம், அவிழ்ப்பாம் என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தவில்லை. சோறு போடும்போது சொல்வேன். பால் பாக்கெட் வாங்கும்போது சொல்வேன். பையனின் கடன் தவணைக்குச் சேலையை மாற்றிக்கொண்டு அடகுக்கடைக்குப் போகும்போதும் சொல்வேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், "எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். அதன் பிறகு நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர் வயலுக்குப் போய்விடுவார். அந்தக் குழிமேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

இப்படி நாற்பது நாள். ஒரு மனுஷன் தன் மாட்டுக்குச் செய்த கடைசி மரியாதையை நாற்பது நாள் நான் குற்றமாக்கினேன். அந்தப் பாவத்தை என் வாயால் செய்யவைத்தவன் அவன். துட்டைத் தின்னப் பார்த்ததைக்கூட ஒரு நாள் விட்டுவிடுவேனோ என்னவோ, இதை விட மாட்டேன்.

தெரிந்தது எப்படியென்றால், நிவாரணம் பெறுகிறவர்களின் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று கீழே எழுதியிருந்தது. நான் வேறு ஒரு சான்றிதழுக்காகப் போயிருந்தேன். சும்மா நின்ற நேரத்தில் படித்தேன். செயலாளரின் மச்சான் பெயர் இருந்தது. அவனுக்கு மாடே கிடையாது, டூவீலர் மெக்கானிக். பெயருக்கு எதிரே பன்னிரண்டு இலக்க நம்பர். தோல் கட்டில் லாட் நம்பர் பார்த்துப் பார்த்து எனக்கு நம்பர் என்றால் மனதில் அச்சாகிவிடும். இருந்தாலும் நம்பாமல் வீட்டுக்கு ஓடி, தடுப்பூசி அட்டையை எடுத்துவந்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தேன். என் மாட்டின் நம்பர்தான்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பால் ஊற்றும் நேரத்தில் சொசைட்டிக்குப் போனேன். வரிசையில் பதினைந்து பேர் கேனோடு நின்றிருந்தார்கள். அட்டையை அவன் மேஜையில் போட்டேன். அவன் ஒரு நிமிஷம்கூடத் தடுமாறவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"இன்னாக்கா, மறந்துட்டீங்களா? புயலுக்கு முன்ன நீங்கதானே மாட்டை என் மச்சானுக்கு வித்தீங்க? பேர் மாத்தத்தான் லேட்டாச்சு, அதுக்கு உங்க போனுக்கு வந்த நம்பரை நீங்கதானே சொன்னீங்க? சிஸ்டத்துல எல்லாம் கீது."

"என் கொட்டகைச் சுவர் விழுந்து, என் வீட்டுக்காரர் மடியில செத்த மாடுடா அது."

"எங்க செத்தா இன்னா? பேப்பர்ல யார் பேரு கீதோ அவங்க மாடு. அது எங்க மச்சான் மாடுதான். யாரை வேணா கேளுங்க."

வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய பாலுக்குத் தரம் எழுதுகிறவன் அவன்தானே. அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அழுகை வரவில்லை. அவன் சொன்ன ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப ஓடியது. அது எங்க மச்சான் மாடுதான். பதினைந்து பேர் முன்னால் சொல்லியிருக்கிறான். சரி, அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை வேலூருக்குப் பஸ் ஏறினேன். கலெக்டர் அலுவலகத்தில் அன்று மனு வாங்கும் நாள். மனுவை நானே எழுதினேன். நிவாரணம் என்ற வார்த்தையே அதில் வரவில்லை. ஏமாற்றினான், திருடினான் என்றெல்லாம் எழுதவில்லை. அப்படி எழுதுகிற மனுக்கள் அங்கே எத்தனை கட்டு கட்டிக் கிடக்கின்றன என்று பார்த்தேன். நான் எழுதியது இவ்வளவுதான்: இன்ன பெயருடையவருக்குச் சொந்தமான, இன்ன நம்பர் உடைய பசு, என் அனுமதியில்லாமல் என் நிலத்தில், குடிதண்ணீர்க் கிணற்றுக்கு அருகே புதைக்கப்பட்டுள்ளது. தொற்று நோய் பரவும் என்று பயமாக இருக்கிறது. மாட்டின் உரிமையாளர் தம்முடைய மாட்டை எடுத்துக்கொண்டு போக உத்தரவிட வேண்டும். அவ்வளவுதான் மனு. கிணறு நல்ல தூரத்தில்தான் இருந்தது, அது பொய்தான். பொய் எழுதுவது அவனுக்கு மட்டும்தான் வருமா?

குடிதண்ணீர் என்றதும் காகிதம் ஓடிவிட்டது. அடுத்த வாரமே கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை டாக்டரம்மாவும் எங்கள் வயலுக்கு வந்தார்கள். மச்சானையும் வரச் சொல்லியிருந்தார்கள், கூடவே செயலாளரும் வந்தான். ஊரில் பாதிப் பேர் வரப்பில் நின்றார்கள். சேற்று வழியில் பொக்லைன் வராது, ஆள்தான் தோண்ட வேண்டும் என்றார் அலுவலர். உரிமையாளர் பொறுப்பு என்று கலெக்டர் ஆபீஸ் உத்தரவிலேயே இருந்ததால் ஆளுக்கொரு மண்வெட்டியை மச்சானிடமும் செயலாளரிடமும் கொடுத்தார்கள்.

கொடுப்பதற்கு முன்னால் செயலாளர் என்னிடம் ஒதுங்கி வந்தான். முகம் வேர்த்திருந்தது.

"அக்கா, மனுவ வாபஸ் வாங்கிடுங்க. வர்ற துட்டை அப்படியே குடுத்துடறேன். இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே குடுக்கறேன். அதைத் தோண்ட வேணாம்க்கா, நாத்தம் தாங்காது."

"உன் மச்சான் மாடுதானே? எடுத்துட்டுப் போ" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு அவன் மண்வெட்டியைத் தூக்கியபோது என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. முதல் வெட்டில் பிடி நழுவியது. வரப்பில் யாரோ சிரித்தார்கள். மச்சான் அவனை முறைத்தான். ஒரு அடி ஆழம் போனதும் துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு அடிக்கு வந்தபோது வாடை வரப்பு வரைக்கும் வந்தது. மச்சான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். வரப்பில் நின்ற பொம்பளைகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை.

டாக்டரம்மா அதுவரை தன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி மச்சானைப் பார்த்துக் கேட்டார்.

"வாங்கி எத்தனை நாள்ல செத்துச்சு?"

"ஒரு மாசம் இருக்கும் மேடம்."

"ஒரு மாசம் நீங்கதான் பால் கறந்தீங்களா?"

"ஆமா மேடம்."

"எத்தனை காம்புல பால் வந்துச்சு?"

மச்சான் செயலாளரைப் பார்த்தான். செயலாளர், "நாலு காம்புதான் மேடம், மாட்டுக்கு எப்பவும் நாலுதானே" என்றான்.

டாக்டரம்மா போனை அலுவலரிடம் காட்டினார். "முந்தின வருஷம் மடிநோய் வந்து பின்பக்கத்துக் காம்பு ஒண்ணு அடைஞ்சுபோச்சு. வைத்தியம் பார்த்தது நான்தான். இந்த மாட்டுக்கு மூணு காம்புலதான் பால். ஒரு நாள் கறந்தவனுக்குக்கூட இது தெரியும்." அப்புறம் நிவாரணத்துக்குக் கொடுத்த போட்டோவைப் பெரிதாக்கினார். காதின் மேல் ஒரு கட்டை விரல், அதில் கல் வைத்த மோதிரம். மண்வெட்டியைப் பிடித்திருந்த கையிலும் அதே மோதிரம் இருந்தது.

"போதும், தோண்ட வேணாம், மூடிடுங்க" என்றார் டாக்டரம்மா. "அம்மா, உங்க மாடுன்னு நான் எழுதித் தர்றேன்."

ஜெயித்துவிட்டேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. செயலாளர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான் பாருங்கள், அந்தப் பெருமூச்சு எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு அடி மண்ணோடு தப்பித்துவிட்டோம் என்ற பெருமூச்சு அது. என் வீட்டுக்காரர் நாற்பது நாள் விட்ட மூச்சு எனக்குத் தெரியும்.

"இன்னும் ஒரு அடி தோண்டட்டும்" என்றேன். "அவன் கையாலயே தோண்டட்டும். அதோட முகத்தை அவன் பார்க்கட்டும். பாத்துட்டு, யார் மாடுன்னு அப்பச் சொல்லட்டும்."

"வேணாம்மா" என்றார் டாக்டரம்மா. அலுவலர் வாட்சைப் பார்த்தார். "தோண்டுடா" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. செயலாளர் பயந்துபோய் மண்வெட்டியை மறுபடியும் எடுத்தான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். நேராகக் குழிக்குள் இறங்கி, அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினார். அவனைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அது படுத்துக்கீது" என்றார். "அது மேல இரும்பு படக் கூடாது. நீ வூட்டுக்குப் போ."

நான் போகவில்லை. அவர் தனியாக மண்ணைத் தள்ளி மூட ஆரம்பித்தார். செயலாளரும் மச்சானும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிப் போனார்கள். நான் வரப்பில் நின்று அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி முடித்ததும் அவர் முள்ளை வெட்டிப் பரப்பினார். நாய் வந்து கிளறாமல் இருக்கவாம். அன்று ராத்திரி, நாற்பது நாள் நான் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். 'விடு மே, போவட்டும்' என்று எழுந்து போய்விட்டார்.

செயலாளரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் மேல் கேஸ் நடக்கிறது. அவனுடைய மனைவி இரண்டு முறை வந்து என் காலில் விழப் பார்த்தாள். பிள்ளைகள் இருக்கிறார்கள் அக்கா என்றாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன், கேஸை வாபஸ் வாங்கவில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததில் நிவாரணமும் தாமதமாக என் பேருக்கே வந்து சேர்ந்தது. வேறு மாடு வாங்கலாமா என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வயலுக்குப் போகும்போதெல்லாம் அந்த முள் போட்ட மேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் செய்ததுதான் சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். சர்க்கார் எனக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டது. அவன் தோண்டாமல் விட்ட அந்த ஒரு அடி மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.